லோக்கல் சேனலில் ஒரு மாதம் விளம்பரம்: பாத்திரக்கடைக்காரனின் விமர்சனம்

ஆவணி முகூர்த்தத்தைக் குறி வைத்து எங்கள் ஊர் கேபிள் சேனலில் ஒரு மாதம் விளம்பரம் கொடுத்தேன். சேனல் பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம், நாளைக்கும் அதே பஜாரில்தான் ஷட்டர் தூக்க வேண்டும். ஆனால் சிறிய கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி பேக்கேஜில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை இதைப் படித்துவிடுங்கள்.

பேக்கேஜ் இதுதான். 20 செகண்ட் விளம்பரம், நாளுக்கு 20 முறை, 30 நாள். 18,000 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 21,240. விளம்பரம் எடுத்துத் தர தனியாக 4,000. திரைக்கு அடியில் ஓடும் ஸ்க்ரோல் ஃப்ரீ. "அண்ணே, உங்களுக்காகத்தான் இந்த ரேட்டு" என்று சொன்ன அந்தத் தம்பி, எதிர்க் கடை ஜவுளிக்காரரிடமும் அதே ரேட்டை அதே வார்த்தையில்தான் சொல்லியிருக்கிறார், அது பிறகு தெரிந்தது, சரி, போகட்டும்.

ஏன் பெரிய சேனலுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். சாட்டிலைட் சேனலில் 10 செகண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. நம் ஊரில் மட்டும் காட்டுங்கள் என்றால் அது நடக்காது, கும்மிடிப்பூண்டி முதல் குமரி வரைக்கும் சேர்த்துத்தான் காசு. நாகர்கோவில்காரர் எங்கள் ஊருக்கு அண்டா வாங்கவா வரப்போகிறார்? 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கிய காலத்திலிருந்து சோப்பும் டீத்தூளும் ஜவுளிக் கடலும்தான் அங்கே தாக்குப்பிடிக்கின்றன. அங்கே வியாபாரமும் வேறு மாதிரி. சீரியல் தயாரிப்பாளரே அரை மணி நேரத்தைச் சேனலிடம் காசு கொடுத்து வாங்கி, அதில் வரும் விளம்பர நிமிடங்களை அவரே விற்று லாபம் பார்க்கும் முறையெல்லாம் பல வருடம் நடந்தது. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

லோக்கல் சேனலின் வியாபாரம் அதைவிடச் சின்னது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. சேனலும் கேபிள் நெட்வொர்க்கும் ஒரே ஆளுடையது. சாட்டிலைட் சேனல் நல்ல இடத்தில் தெரிய வேண்டுமென்றால் கேபிள்காரருக்குக் காசு அழ வேண்டிய காலம் ஒன்று இருந்தது. இவருக்கு அந்தச் செலவே கிடையாது, செட்டாப் பாக்ஸைப் போட்டதும் முதலில் வந்து நிற்பது இவர் சேனல்தான். இரண்டு கேமரா, எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர், செய்தி வாசிக்க ஒரு பெண், குரல் கொடுக்க ஒருவர், அவ்வளவுதான் நிறுவனம். ராத்திரி ஓடும் படங்களுக்கு உரிமை எங்கே வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். வருமானம் பள்ளிக்கூட அட்மிஷன், நகைக்கடை, மனை விற்பனை, காதணி விழா வாழ்த்து, நினைவஞ்சலி. அப்புறம் அரை மணி நேரத்தை மொத்தமாக வாங்கி உட்கார்ந்து பேசும் மூட்டுவலி வைத்தியர். இதில் நினைவஞ்சலிதான் நிலையான வருமானம் என்று அந்தத் தம்பியே சொன்னார்.

குரல் கொடுப்பவர் ஒருவர்தான் என்றேன் அல்லவா, அதன் விளைவைக் கேளுங்கள். "கண்ணீர் அஞ்சலி, இவண் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள்" என்று தழுதழுத்த அதே குரல் அடுத்த செகண்டே "வாங்க! வாங்க! சீர்வரிசை வாங்க!" என்று எங்கள் கடைக்குக் கூப்பிடுகிறது. வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, "எழவு வீட்டுக்குப் பக்கத்துல கடை போட்ட மாதிரி இருக்குடா" என்றார்.

படமும் சரியில்லை. எடுத்தது ஓர் அளவில், ஓடியது வேறு அளவில், இரண்டு பக்கமும் இழுத்துவிட்டதில் பித்தளைக் குடமெல்லாம் தாம்பாளம் மாதிரி சப்பையாகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. போன் போட்டுச் சொன்னேன், மூன்றாம் நாள் சரி செய்தார்கள்.

பெரிய விஷயம் அந்த 20 முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினார். காலை 6 முதல் ராத்திரி 10 வரை, சாப்பிட எழுந்தபோது என் மகளை உட்கார வைத்துவிட்டு, விடாமல் எண்ணியதில் 7 கோடு. மீதி 13 எங்கே தம்பி என்றால், "நைட்டு ஓட்டியிருப்போம்ணே" என்கிறார். அலாரம் வைத்து 3 மணிக்கு எழுந்து பார்த்தேன். உண்மைதான், ஓடியது, மூட்டுவலி வைத்தியர் முடிந்ததும் என் விளம்பரம் தொடர்ந்து மூன்று முறை, இடையில் மூச்சுகூட விடாமல். அந்த நேரத்தில் ஊரில் முழித்திருந்தது நானும் அந்த வைத்தியரும்தான்.

சரி, ஆதாரம் கொடுங்கள் என்று கேட்டேன். எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு ஓடியது என்பதை ஓட்டும் கம்ப்யூட்டரே பதிவு செய்து வைக்கும், அந்த லாக்கை பிரிண்ட் எடுத்தால் போதும். எனக்கு வந்தது ஒரு லெட்டர்பேட் தாள். "ஒப்பந்தப்படி ஒளிபரப்பப்பட்டது", கையெழுத்து, சீல். பெரிய சேனல்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்க் (BARC) இந்தியா என்ற அமைப்பு 2015 முதல் ரேட்டிங் தருகிறது, சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு வாட்டர்மார்க்கைச் சேர்த்து, மீட்டர் வைத்த வீடுகளில் அதைப் பிடித்துக் கணக்கெடுக்கிறார்கள். அதிலும் ஆயிரம் சண்டை உண்டு, ஆனாலும் ஏதோ ஒரு எண் இருக்கிறது. எங்கள் ஊர் சேனலுக்கு எங்கள் அம்மாவின் காலண்டர் தாள்தான் ரேட்டிங். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு என்று கேபிள் விதியே சொல்கிறது. இங்கே சாயங்காலம் 7 மணிக்குப் பாட்டுக்கு நடுவில் விளம்பரமா விளம்பரத்துக்கு நடுவில் பாட்டா என்பதே புரியாது. கோபமாகப் பேசியதும் 10 நாள் கூடுதலாக ஓட்டுகிறோம் என்றார்கள், ஓட்டவும் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இன்னொன்று, டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சேனல் வரவே வராது. எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய பக்கமெல்லாம் மொட்டை மாடியில் டிஷ்தான். பையன்கள் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. பழைய தெருக்களும் சுற்றுக் கிராமங்களும்தான் கேபிளில் இருக்கின்றன.

அப்படியென்றால் பணம் வீணா என்றால், அதுதான் இல்லை. கல்யாணப் பாத்திரத்துக்கு முடிவு சொல்வது யார்? அந்தப் பழைய தெரு அம்மாக்களும் ஆச்சிகளும்தான். ஃப்ரீ என்று கொடுத்தார்களே அந்த ஸ்க்ரோல், அதுதான் வேலை செய்தது. படத்துக்கும் செய்திக்கும் பாட்டுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, விளம்பரம் வந்ததும் சேனலை மாற்றுபவர் கண்ணில்கூடப் பட்டுவிடும். அதிலும் "குத்துவிளக்கு" என்பதைக் "கொத்துவிளக்கு" என்று போட்டுவிட்டார்கள். திருத்தச் சொல்வதற்குள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சி பேத்தி கல்யாணத்துக்கு வந்து, "ஏம்ப்பா, டிவியில ஓடுதே கொத்துவிளக்கு, அதக் காட்டு, அது என்ன புது மாடலா?" என்று கேட்டார். நான் ஐந்துமுக விளக்கை எடுத்துக் காட்டினேன். ஜோடி விளக்கு, இரண்டு குடம், ஒரு அண்டா எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதம் "டிவியில் பார்த்தோம்" என்று சொல்லி வந்தவர்களைக் கல்லாவில் குறித்து வைத்தேன், 31 குடும்பம். அதில் விளம்பரப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 6 பேர், மற்றவர்கள் எழுத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

அடுத்து தேர். ஆவணித் தேரோட்டத்தை நேரலையில் காட்டினார்கள், நாலு தெருவிலும் கேமரா, கூட்டத்தில் போக முடியாத பெரியவர்கள் எல்லாரும் டிவி முன்னால். எந்தப் பெரிய சேனல் எங்கள் ஊர்த் தேரைக் காட்டப்போகிறது? அன்றைக்கு வந்த இரண்டு விளம்பரத்தைப் பற்றி வாரம் முழுக்க யாராவது ஒருவர் கடையில் பேசினார். சேலத்தில் கேபிளில் தொடங்கிய பாலிமர் டிவி சாட்டிலைட் சேனலாக வளர்ந்தது. நம் ஊர்ச் சேனலுக்கு அந்த ஆசை இருக்கிறதோ இல்லையோ, கையில் இருக்கும் சரக்கு இந்தத் தேர்தான், அதை விட்டுவிட்டு ஊரே தூங்கும் ராத்திரி 3 மணியை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

5க்கு 3 கொடுக்கிறேன். அந்த 20 செகண்ட் விளம்பரம் மட்டும் என்றால் 1தான்.

தை முகூர்த்தத்துக்கு அந்தத் தம்பி மறுபடி வந்தார். ஸ்க்ரோல் இரண்டு மாதம், பங்குனித் திருவிழா நேரலையில் நாலு விளம்பரம், லாக் பிரிண்ட் கையில் வந்த பிறகு பாதிப் பணம் என்று பேசி முடித்திருக்கிறேன். நினைவஞ்சலிக்கு அடுத்த இடம் வேண்டாம் என்று பில்லிலேயே எழுதச் சொன்னேன். ஸ்க்ரோல் வாசகத்தை நானே டைப் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கொத்துவிளக்கையே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தது வேறு விஷயம்.