கேஸ் இன்ஜினுக்கு பிளக்கா, லேசரா?

காரைக்குடியில ஓடுற சிஎன்ஜி ஆட்டோவுக்கு லேசர் இக்னிஷன், அதாவது பிளக்குக்குப் பதிலா லேசர் ஒளியால கேஸைப் பத்த வைக்கிறது, வேணுமான்னு கேட்டா, வேணாம், பிளக்கே போதும். விலை கம்மி, தேவகோட்டை ரஸ்தா வரைக்கும் எந்த மெக்கானிக்கும் மாட்டிருவாரு, அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

ராவும் பகலும் ஒரே லோடுல ஓடுற பெரிய கேஸ் ஜெனரேட்டர்னா கதையே வேற. புகையில நைட்ரஜன் ஆக்சைடு குறையணும்னா கேஸைக் குறைச்சு காத்தைக் கூட்டி விடணும், அதான் லீன் மிக்ஸ், ஆனா அது சுலபமா தீப்பிடிக்காது, பவரும் குறையக்கூடாதுன்னு டர்போ வச்சு அழுத்தத்தை வேற ஏத்துவாங்க. அழுத்தம் ஏற ஏற பிளக்கோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்குற இடைவெளியை (கேப்) பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேணும், அந்த அடியில முனை கரைஞ்சுகிட்டே போகும். கழட்டுன பழைய பிளக்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நடு எலக்ட்ரோடோட விளிம்பு மழுங்கி உருண்டு போயிருக்கும், இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தகடு உள்ள தொளதொளன்னு ஆடும். கேப் அகண்டா இன்னும் வோல்டேஜ், இன்னும் தேய்மானம், கடைசில கேஸ் பத்தாமப் போற மிஸ்ஃபயர்தான்.

லேசர்ல இது அப்படியே தலைகீழ். அழுத்தம் கூடுனா பொறி வைக்கத் தேவையான எனர்ஜி குறையும்! சில நானோசெகண்டே நீடிக்கிற லேசர் துடிப்பை லென்ஸ் வச்சு ஒரு புள்ளியில குவிச்சா, சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 10,000 கோடி வாட் அளவுக்கு வரும்போது கேஸே பிளாஸ்மாவாகி, அதாவது மின்னேற்றம் பெற்ற கடும் சூட்டு வாயுவாகி, பத்திக்கும். கரைய எலக்ட்ரோடு இல்ல, பிறந்த நெருப்போட சூட்டை உறிஞ்சிக்கவும் உலோகம் பக்கத்துல இல்ல, சுவரை விட்டுத் தள்ளி, கேஸ் எரியுற சேம்பருக்கு நடுவுலயே பத்த வைக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த நடுவுல வைக்கிற விஷயம்தான். முன்னெல்லாம் லேசருக்கு மேஜை நிறைய சாமான் வேணும், ஜப்பான்ல தகுனோரி தைரா குழு செராமிக் யாக் (YAG, லேசர் ஒளியை உண்டாக்குற பொருள்) வச்சு அதை விரல் சைஸுக்கு சுருக்கி 2011ல காட்டுனாங்க.

இடைஞ்சல் எங்கன்னா ஜன்னல்ல. லேசர் உள்ள போற கண்ணாடி நேரா நெருப்பைப் பாத்துகிட்டு இருக்கு, கரி படிஞ்சா துடிப்பே கொஞ்சம் ஊதித் தள்ளிரும், ஆனா இன்ஜின் ஆயில் எரிஞ்சு வர்ற சாம்பல் அவ்வளவு சுளுவா போகாது. சூடு, அதிர்வு, லேசருக்கு சக்தி ஊட்டுற டயோடோட விலை இதெல்லாம் வேற.

அதனால இன்னைக்கே வாங்கணும்னா ப்ரீசேம்பர் பிளக் வச்ச இன்ஜினுக்குத்தான் என் ஓட்டு, சின்ன அறையில பத்தி ஓட்டை வழியா ஜெட்டா நெருப்பு பாயும், லீன் மிக்ஸையும் சமாளிக்கும், ஆனா முனை தேயுறது அங்கயும் உண்டு. நாளைக்கு யாராச்சும் லேசர் இன்ஜின் விக்க வந்தா பவரைக் கேக்குறதுக்கு முன்னாடி, ஜன்னலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா கழட்டித் துடைக்கணும்னு கேளுங்க.