உபுண்டு 24.04: பள்ளி ஆய்வகத்தில் பயனர் உரிமைகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன?

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பராமரிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எங்கள் பழைய கணினிகளில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கிடையாது. பிளஸ் ஒன் கணினி அறிவியலில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் பாடமாக இருப்பதால், 2029 வரை இலவச ஆதரவுள்ள 24.04 பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம்.

முன்பு கணினிகளை விற்ற கடைக்காரர், எல்லாவற்றிலும் நிர்வாகி உரிமையுள்ள ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தார். மாணவர்கள் அதில்தான் நுழைந்தார்கள், கண்டதையும் நிறுவினார்கள். உபுண்டுவில் மாணவர் கணக்கை, நிர்வாகி உரிமை பெற்ற பயனர்களின் 'சூடோ' குழுவில் சேர்க்காமல் விட்டாலே போதும். கணினி முழுவதற்குமான மென்பொருளை நிறுவுவதற்கும், தேதி நேரத்தை மாற்றுவதற்கும், புதிய பயனரைச் சேர்ப்பதற்கும் நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் வழியில்லை. ஒருவரது கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவை இன்னொரு மாணவர் திறக்கவும் முடியாது. 21.04 பதிப்பிலிருந்து இதுவே இயல்பான அமைப்பு என்பதால், ஒருவர் எழுதிய பைத்தான் நிரலை மற்றவர் அப்படியே நகலெடுத்து ரெக்கார்டில் ஒட்டுவது எங்கள் ஆய்வகத்தில் நின்றது. ஆனால் 20.04-இலிருந்து மேம்படுத்திய கணினிகளில் பழைய அடைவுகளின் உரிமையை நாமேதான் மாற்ற வேண்டும்.

திரைப் பின்னணி, விசைப்பலகை போன்றவை அந்தந்தப் பயனரின் சொந்த அமைப்புகள் என்பதால் நிர்வாகி கடவுச்சொல் அவற்றை மாற்றுவதைத் தடுக்காது. அதற்கு, பணிமேடை அமைப்புகளைச் சேமித்து வைக்கும் 'டிகான்ஃப்' என்ற தரவுத்தளத்தில் பூட்டுகள் தேவை: டிகான்ஃப் சுயவிவரக் கோப்பில் பள்ளிக்கான தரவுத்தளத்தைச் சேர்த்து, விரும்பும் மதிப்பை ஒரு கோப்பிலும், பூட்ட வேண்டிய அமைப்பின் பெயரை 'லாக்ஸ்' கோப்புறையிலும் எழுதிவிட்டு, 'டிகான்ஃப் அப்டேட்' கட்டளையை இயக்க வேண்டும். இதன் பிறகு, பூட்டிய அமைப்புகளில் மாணவர் எதை மாற்றினாலும் எடுபடாது. தமிழ் 99 விசைப்பலகையை எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே கோப்பின் வழியாகக் கொடுத்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஆனாலும் இத்தனை முக்கியமான வேலைக்கு அமைப்புகள் திரையில் ஒரு பொத்தான்கூட இல்லாதது பெருங்குறை. கட்டளை வரியை அறியாத ஆசிரியர் இதை எப்படிச் செய்வார்?

இதைவிடக் கவலை தருவது கணினி தொடங்கும் நேரம். இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் 'கிரப்' நிரலின் பட்டியலை வரவழைத்து, பழுதுபார்ப்பதற்கான மீட்பு முறையில் நுழைந்தால், 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல் வைக்கப்படாத இயல்பான நிறுவலில், எதையும் கேட்காமல் முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடும். மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் அத்துடன் பயனற்றுப் போகும். எனவே கிரப்புக்குக் கடவுச்சொல் வைத்து, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸையும் பூட்டி, யூஎஸ்பி வழித் தொடக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். கிரப் கடவுச்சொல் வைக்கும்போது வழக்கமான தொடக்கத்துக்கு விலக்கு அளிக்க மறந்தால், ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு கணினிக்கும் ஆசிரியரே சென்று கடவுச்சொல் தட்ட வேண்டியிருக்கும்.

கட்டளை வரிக்குப் பழகிய ஓர் ஆசிரியராவது இருக்கும் பள்ளிகளுக்கு உபுண்டுவை மனமாரப் பரிந்துரைக்கிறேன். 4 ஜிபி நினைவகமே உள்ள கணினிகளில் வேகம் குறைகிறது என்று உபுண்டுவின் இலகுவான வடிவமான எக்ஸ்உபுண்டுவுக்குப் போவோர் இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்: அதற்கு மூன்றாண்டு ஆதரவுதான், அதன் பணிமேடை அமைப்புகளை டிகான்ஃப் பூட்டுகள் கட்டுப்படுத்துவதுமில்லை.