போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: மருந்துவாழ் மலையில் தேறியதா?

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற, சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் கிளிப் லென்ஸ்தான் இது, நாகர்கோவிலில் வாங்கியது. பெரிய கேமரா தூக்கிக்கொண்டு பொற்றையடி பக்கமிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ் மலையேற எனக்குத் தெம்பில்லை, அதனால் இதை நம்பிப் போனேன்.

விஷ்ணுகிராந்தி பூ ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது, வெறும் போனில் எடுத்தால் புல்லுக்குள் நீலப்புள்ளியாகத்தான் விழும். இந்த லென்ஸில் நடுவிலிருக்கும் வெள்ளை மகரந்தத்தாள்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. ஓரிதழ்த்தாமரையின் அந்த ஒற்றை இளஞ்சிவப்பு இதழில் ஓடும் நரம்புகளும் அப்படியே வந்தன, இந்த விலைக்கு இது அதிகம்தான். காலையிலேயே ஏறிவிடுங்கள், விஷ்ணுகிராந்தி வெயில் ஏறினால் சுருண்டுவிடும்.

தொல்லை எங்கே என்றால் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலை சுற்றுகிற ஊரில் பூ ஒரு நொடி அசையாமல் நிற்குமா? பூவுக்கு இரண்டு விரல் கிட்டே போனால்தான் போகஸ் ஆகும், அந்த நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழமோ சில மில்லிமீட்டர்தான், இலேசாக ஆடினாலே போச்சு. குடையை விரித்து மறைத்து, பர்ஸ்ட் மோடில் ஒரே மூச்சில் வரிசையாகப் பல படங்களை அள்ளி எடுத்து, அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பொறுக்கினேன். பூவைப் பறித்து நிழலில் வைத்து எடுப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஓரங்கள் மங்கல், கொஞ்சம் ஊதாக் கோடும் விழுகிறது, வெட்டிவிட்டால் சரி. செங்காந்தள் மாதிரி பெரிய பூவுக்கு இது வேண்டவே வேண்டாம், போனே போதும். தடித்த போன் கவர் இருந்தால் கிளிப் பிடிக்காது, கழற்றிவிட்டு மாட்டுங்கள்.