மஞ்சள் மண்டியும் எம்.பி.ஏ. வகுப்பும்

அக்கா மகன் மூன்று கல்லூரிகளின் கையேடுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். மின்னணுப் பொறியியல் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவன். மஞ்சளின் ஈரப்பதத்தை நொடியில் சொல்லும் கைக்கருவி ஒன்றைச் செய்து விற்க வேண்டும் என்பது ஆசை. ஈரோட்டுப் பையனுக்கு வேறென்ன தோன்றும்? "தொழில் தொடங்குவதை முதுகலையில் படிக்கலாம் என்கிறார்கள். எதில் சேரலாம், மாமா?"

முதல் கையேடு பெரிய ஐ.ஐ.எம். ஒன்றின் இரண்டாண்டு எம்.பி.ஏ. இங்கே தொழில்முனைவு என்பது விருப்பப் பாடம்தான். அது பழைய வழக்கம்: ஹார்வர்டில் 1947ஆம் ஆண்டு பேராசிரியர் மைல்ஸ் மேஸ் தொடங்கிய முதல் வகுப்பும் எம்.பி.ஏ.வுக்குள் ஒரு விருப்பப் பாடமே. 188 பேர் சேர்ந்தார்கள். ஆனால் வகுப்புக்கு வெளியே இருப்பதுதான் இங்கே வலு. பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான என்.எஸ்.ராகவனின் கொடையில் வளர்ந்த என்.எஸ்.ஆர்.செல் என்ற, புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் மையம் இருக்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் அதே போன்ற சி.ஐ.ஐ.இ. இருக்கிறது. நிதிக் கணக்கும் சந்தைப்படுத்தலும் அறியாத பொறியாளனுக்கு இரண்டும் பழகும். நாளைக்குக் கூட்டாளியாகவோ முதலீட்டாளராகவோ வரக்கூடியவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

சிக்கல் கட்டணம். பெரிய ஐ.ஐ.எம்.களில் அது 25 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அதில் 20 லட்சத்தை மட்டும் 10 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கி, பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டாலும் மாதத் தவணை 26,000 ரூபாயைத் தாண்டுகிறது. வருமானம் இல்லாத முதல் இரண்டு வருடத்தில் இதை யார் கட்டுவது? வேலைவாய்ப்பு முகாமை இப்போது விட்டுவிட்டு, தொழில் சரிவராவிட்டால் பிறகு வந்து கலந்துகொள்ளும் சலுகையைச் சில ஐ.ஐ.எம்.கள் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வங்கி அந்தச் சலுகையைத் தருவதில்லை.

சாரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் அனுபவம் மிகுந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, எப்படி யோசிக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எவ்வளவு லாபம் வரும் என்பதை விட, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்ற கேள்விக்கே அவர்களிடம் எடை அதிகம் என்று கண்டார். இந்தப் பாடம் இன்று உலகெங்கும் தொழில்முனைவு வகுப்புகளில் நடத்தப்படுகிறது. அதைக் கேட்பதற்கே தாங்கக்கூடிய நஷ்டம் முழுவதையும் கட்டணமாகக் கட்டிவிட்டால் எப்படி?

இரண்டாவது கையேடு, இதற்கென்றே இருக்கும் நிறுவனத்தினுடையது: அகமதாபாத்தில் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம். இங்கே தொழில்முனைவுதான் முழுப் படிப்பு. சந்தை ஆய்வு, திட்ட அறிக்கை, கடன் பெறும் வழிமுறை என்று எல்லாமே அதை நோக்கி நகரும். கட்டணமும் பெரிய ஐ.ஐ.எம்.மில் பாதியைத் தொடாது. அப்பாவின் அரிசி ஆலையை விரிவாக்கப் போகிறவருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். தொழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் வகுப்பில் கேட்டதை மறுநாளே உரசிப் பார்க்கலாம். கையில் ஒன்றும் இல்லாதவனுக்குத் திட்ட அறிக்கை மட்டும் மிஞ்சும் அபாயம் உண்டு. மூன்றாம் வருடம் தவறாமல் லாபம் காட்டாத திட்ட அறிக்கையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் பேச்சில் வந்தது. இந்தத் துறையில் அதன் பெயர் பெரியது. ஆனால் செலவு இன்னும் அதிகம், படித்த ஊரிலேயே கம்பெனி தொடங்க மாணவர் விசா எளிதில் இடம் கொடுக்காது, ஈரோட்டு மஞ்சளும் அங்கே கிடைக்காது. அதை அப்படியே மூடிவைத்தோம்.

மூன்றாவது கையேடு, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு வழியில் படிக்கும் எம்.எஸ். படிப்பு. பட்டத்தில் தொழில்முனைவு என்ற பெயர் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பெரிய விஷயம் இல்லை. ஆய்வகம் இருக்கிறது, தரமணியில் ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது, புதிய நிறுவனங்களை அடைகாக்கும் மையம் இருக்கிறது. ஏத்தர் மின் ஸ்கூட்டரைத் தொடங்கிய இருவரும் இங்கே இன்ஜினியரிங் டிசைன் படித்தவர்கள். 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட் ஏவிய அக்னிகுல் நிறுவனமும் இங்கே வளர்ந்ததுதான். கருவி இன்னும் வேலை செய்யாத நிலையில் இருப்பவனுக்கு எம்.பி.ஏ.வை விட இதுவே பொருத்தம். குறை என்னவென்றால், கருவியை மெருகேற்றுவதிலேயே மூன்று வருடம் ஓடிவிடும். வாங்குபவர் யார் என்ற கேள்வி மேசைக்கு வராமலே போகலாம்.

இந்தக் குறைக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011ஆம் ஆண்டில் ஒரு மருந்து கண்டுபிடித்தது. தொழில்முனைவோரும் ஆசிரியருமான ஸ்டீவ் பிளாங்க் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய வகுப்பை எடுத்து, ஆய்வாளர்களைச் சில வாரங்களில் நூறு வாடிக்கையாளர்களை நேரில் பார்த்து வரும்படி அனுப்பியது. சென்னை ஐ.ஐ.டி.யின் கோபாலகிருஷ்ணன்–தேஷ்பாண்டே மையமும் இதே பாணியில் பயிற்சி தருகிறது.

நூறு வேண்டாம், பத்து மண்டிக்குப் போய் வா என்றேன். மூன்றாவது மண்டியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வியாபாரி ஒரு விரலி மஞ்சளை எடுத்து இரண்டாக ஒடித்தார். கணீரென்று சத்தம். "காய்ந்திருக்கிறது. எனக்குக் காது இருக்கிறதே தம்பி, உன் கருவி எதற்கு?" அவன் முகம் விழுந்துவிட்டது. வெளியே வந்தபோது, வண்டியில் மூட்டையோடு காத்திருந்த விவசாயி கேட்டார்: "அவர் காது சொல்வதைத்தான் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது என்ன விலை வரும்?" எடை போடும்போது ஈரம் என்று சொல்லிக் கழிப்பது அவருடைய காசு. கருவியை வாங்குபவர் வியாபாரி இல்லை. விவசாயிகள் கூட்டு நிறுவனமாக இருக்கலாம், மசாலா ஆலையாக இருக்கலாம். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த வகுப்புக்கு ஆன செலவு பஸ் டிக்கெட்.

படிப்பே வேண்டாம், நேரே தொழிலுக்குப் போகிறேன் என்பவருக்குத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம், கூடவே பயிற்சி. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இயந்திர விலைப்புள்ளியோடு கடன் கேட்கப் போகிறவருக்கானது இது. பாதி செய்த கருவியோடு போனால் வங்கி மேலாளர் அன்பாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அக்காவுக்கு ஐ.ஐ.எம். மீதுதான் கண். கல்யாணச் சந்தையில் அதன் மதிப்பை நானும் மறுக்கவில்லை. பையன் சென்னை எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறான். நுழைவுக்கான நேர்காணல் வரும்வரை சனிக்கிழமைதோறும் பெருந்துறைப் பக்கம் போய், விவசாயிகளின் களத்தில் மஞ்சள் ஒடித்துக் காது பழக்குகிறான்.