இலவச ஐடி பயிற்சியா? யார் பணத்தில் என்று கேளுங்கள்

ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்கள், குறிப்பாக நாற்பது வயதைத் தாண்டியவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு பயிற்சி நிலையத்துக்காக மேசை போட்டு நின்ற அந்த இளைஞர் நல்ல தமிழில்தான் பேசினார். "முழுக்க இலவசம் அக்கா. தரவுப் பகுப்பாய்வு படித்தால் வங்கியிலேயே வேலை. படிக்கும்போதே மாதம் 3,000 வெள்ளி வரை கிடைக்கும். இப்போது சேராவிட்டால் கிரெடிட் காலாவதியாகிவிடும்."

கிரெடிட் என்றால், பயிற்சிக் கட்டணத்துக்காக ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் அரசாங்கம் நம் கணக்கில் போட்டிருக்கும் தொகை. அவர் சொன்னதில் முழுப் பொய் குறைவு. அரை உண்மைகளைக் கோத்துச் சொல்வதில்தான் அவர்களின் சாமர்த்தியம். மாதம் 3,000 வெள்ளி என்பது பயிற்சிப் படித்தொகையின் உச்சவரம்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேரப் பயிற்சிகளுக்கு, முந்தைய சராசரி வருமானத்தில் பாதியைக் கணக்கிட்டுத் தருவது அது. எனக்குக் கிடைத்ததோ இரண்டு சனிக்கிழமை வகுப்பு. அதற்கு ஒரு காசும் கிடையாது. காலாவதிக் கதையும் அப்படித்தான். 2020இல் தந்த கூடுதல் கிரெடிட்தான் 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. முதலில் தந்த 500 வெள்ளிக்கும், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் முதல் வந்த 4,000 வெள்ளிக்கும் காலாவதி இல்லை. அந்த 4,000 வெள்ளியை எல்லாப் பயிற்சிக்கும் செலவழிக்கவும் முடியாது.

"கைப்பேசியைக் கொடுங்கள், நானே பதிந்து தருகிறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற முதியவர், அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸைத் திறந்தே கொடுத்துவிட்டார். அதற்குள் அவருடைய மத்திய சேமநிதிக் கணக்கும் வருமான வரி விவரமும் இருக்கின்றன என்று நான் சொன்னபோது, இளைஞர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த 'அக்கா' காணாமல் போயிருந்தது.

வகுப்புக்குப் போனால், பயிற்றுநர் திரையில் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தார். எக்செலில் கூட்டல், வடிகட்டல், ஒரு வரைபடம். தரவுப் பகுப்பாய்வு அவ்வளவுதான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கியூஆர் குறியீட்டை வருடி வருகையைப் பதியச் சொல்வதில் மட்டும் கறார். இரண்டாம் நாள் மதிப்பீட்டில் விடைகளைத் திரையிலேயே போட்டு, "அப்படியே எழுதாதீர்கள், ஒன்றிரண்டு சொல்லை மாற்றுங்கள்" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த துப்புரவுப் பணி அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். எல்லாரும் தேறிவிட்டோம்.

வங்கி வேலை? யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். என் கணக்கில் 500 வெள்ளி காலி. அரசாங்க மானியம் போக மீதிக் கட்டணம் அதிலிருந்துதான் போயிருக்கிறது. அவர்கள் அகராதியில் இலவசம் என்பது அதுதான்.

உண்மையிலேயே வேலை மாற நினைப்பவர்கள், கிரெடிட்டைத் தொடுவதற்கு முன், தொழிற்சங்கங்களின் வேலைவாய்ப்பு அமைப்பான இ2ஐ அல்லது அரசாங்க அமைப்பான வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூரின் வேலை ஆலோசகரைப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் விசாரிக்கலாம். பயிற்சியோடு வேலை தேடித்தரும் திட்டங்கள் தனியாக இருக்கின்றன. வாழ்க்கைத்தொழில் மாறுவோருக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 2022இல் தொடங்கியதும் அதில் ஒன்று. தானாக விலகாமல் வேலை இழந்தவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் உதவித்திட்டமும் 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. மேசை போட்டவர் இதை மூச்சுக்கூட விடவில்லை. அதில் அவருக்குக் கமிஷன் இல்லை போலும். பரிசுப் பொருளோ பற்றுச்சீட்டோ தருகிறேன் என்று யாராவது கிரெடிட்டைக் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மோசடியா என்ற சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

நிலையத்துக்குப் புகார் எழுதினேன். இரண்டாம் நிலைப் பயிற்சியில் சேர எனக்குச் சிறப்புச் சலுகை தருவதாகப் பதில் வந்திருக்கிறது. அதையும் சேர்த்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்புக்கு அனுப்பிவிட்டேன்.