டின்பால் கேக் செய்யப் போகிறவர்கள் முதலில் டின்னின் எடையைப் பாருங்கள்

வீட்டில் பழைய குறிப்பை வைத்துக் கேக், பிஸ்கட், பலகாரம் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். குறிப்பில் "ஒரு டின்", "ஒரு பாக்கெட்" என்று இருந்தால், இன்று கடையில் கிடைக்கும் டின்னை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். அளவைக் குறைத்துவிட்டார்கள். விலை குறையவில்லை, டின்னின் உயரம் குறையவில்லை, மேலே இருக்கும் படம்கூட மாறவில்லை, உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் குறைந்திருக்கிறது.

எங்களுக்குக் காரைக்குடி. மலாயாவிலிருந்து வந்த பெரியம்மா சொல்லிக்கொடுத்து அம்மா நோட்டில் எழுதிவைத்த டின்பால் கேக் எங்கள் வீட்டில் ரொம்பப் பிரசித்தம். டின்பால் (சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய கன்டென்ஸ்டு மில்க்) ஒன்று, மைதா கால் கிலோ, வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர், கொஞ்சம் ஆப்ப சோடா, ஒரு டம்ளர் பால், வெனிலா எசன்ஸ், அவ்வளவுதான். முட்டை கிடையாது, அதனால் வீட்டுப் பெரியவர்களும் தயங்காமல் சாப்பிடுவார்கள். அம்மா காலத்து வட்ட அலுமினிய ஓவனில், மேல் மூடியில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஓரம் தட்டை விட்டு விலகி, மேலே தேன் நிறத்தில் எழும்பி நிற்கும். குறிப்பில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் இத்தனை வருஷமும் அப்படித்தான் வந்தது.

போன மாதம் அக்கா மகன் பிறந்தநாளுக்கு அதே குறிப்பு, அதே ஓவன், அதே தட்டு. நடுவில் பாளம் பாளமாக வெடித்து, நிறமே ஏறாமல் வெளிறிப்போய் வந்தது. கத்தி வைத்ததும் துண்டு நிற்கவில்லை, தூள் தூளாக உதிர்ந்தது. தேவகோட்டையிலிருந்து வந்திருந்த அயித்தை ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் ஆத்தா, மாவு வேகலையா?" என்று கேட்டார்கள். மாவு நன்றாகத்தான் வெந்திருந்தது. பால் பற்றவில்லை என்பதுதான் விஷயம். இந்தக் கேக்கில் இனிப்பு, ஈரம், மேலே ஏறும் நிறம் எல்லாம் பெரும்பாலும் அந்த டின்பாலிலிருந்துதான் வருகின்றன. அது குறைந்தால் மாவு வறண்டு நிற்கும்.

அம்மா எதையும் தூக்கிப்போட மாட்டார்கள். பழைய டின் ஒன்றில் ஏலக்காய் போட்டு வைத்திருந்தார்கள், அதில் லேபிள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் புது டின்னையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உயரம் ஒன்று, அகலம் ஒன்று. புது டின்னைக் கவிழ்த்தால் அடிப்பாகம் விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழிந்திருக்கிறது. பழையதில் 400 கிராம். புதியதில் 350 கிராம், அதுவும் பின்பக்கம் ஒட்டு வருகிற இடத்தில், மஞ்சள் பின்னணியில் வெளிர் எழுத்தில். முன்பக்கம் "புதிய தோற்றம்" என்பது மட்டும் சிவப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது எங்கே என்றால், அதே டின்னின் லேபிளிலேயே கேக் செய்முறை அச்சிட்டிருக்கிறார்கள், அதில் இன்னமும் "1 டின், மைதா 250 கிராம்" என்றுதான் இருக்கிறது. டின்னைக் குறைத்தவர்களுக்கு, தாங்களே எழுதிய செய்முறையைத் திருத்த மனசு வரவில்லை. அதைப் பார்த்து முதல்முறையாகக் கேக் செய்யப்போகும் பெண், தனக்குக் கைராசி இல்லை என்று நினைத்து ஓவனை மூடி வைத்துவிடுவாள்.

கடைக்காரரிடம் கேட்டேன். "கம்பெனிக்காரன் குறைச்சதுக்கு நான் என்னம்மா பண்றது, எனக்கும் அதே விலைக்குத்தான் போடுறான்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லேபிளில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், எடையைத் தெளிவாக அச்சிட்டிருக்கிறோம் மேடம் என்று பதில். சரி, உங்கள் செய்முறையில் இருக்கும் அளவு எந்த டின்னுக்கு என்று கேட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு போனும் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிராமை அதே விலைக்கு 350 ஆக்கினால், கிராமுக்கு 14 சதவீதத்துக்கு மேல் விலை ஏறியிருக்கிறது. விலையில் இரண்டு ரூபாய் ஏற்றினாலே நாம் கவனித்து முணுமுணுப்போம் என்று தெரிந்துதான் எடையில் கை வைக்கிறார்கள்.

முன்பு இப்படி இஷ்டத்துக்குச் செய்ய முடியாத பொருட்களும் இருந்தன. 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருட்கள் விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. பிஸ்கட், ரொட்டி, வெண்ணெய், நெய், சமையல் எண்ணெய், ரவை போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் பொட்டலம் கட்டலாம் என்று அதில் இருந்தது. 2021இல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று வைத்தார்கள். எம்ஆர்பி பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் பாருங்கள். போன முறை வாங்கியதோடு ஒப்பிட அந்த ஒரு எண் போதும், டின்னின் உயரத்தையும் படத்தையும் நம்ப வேண்டாம்.

நெய்யில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. குறிப்பில் அரை கிலோ நெய் என்று இருக்கும், கடையில் 500 மில்லி பாக்கெட்டை அரை கிலோ என்று சொல்லித் தருவார்கள். நெய் தண்ணீரைவிட லேசு, 500 மில்லி நிறுத்தால் 455 கிராம் பக்கம்தான் வரும். இப்போது அதே பையில் 450 மில்லி போட்டும் வருகிறது, அது 410 கிராம்தான். மாவுருண்டைக்கு நெய்யைக் காய்ச்சி ஊற்றிப் பிடிக்கும்போது உருண்டை இறுகாமல் விரலிடுக்கில் உதிர்ந்தால் காரணம் இதுதான். மாவுருண்டையிலாவது கை சொல்லிவிடும், இன்னும் இரண்டு கரண்டி சூடாக ஊற்றிக்கொள்ளலாம். கேக்கை ஓவனில் வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெயும் அப்படித்தான், ஒரு லிட்டர் 910 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும், கையில் எடுத்துப் பார்க்காமல் எடையைப் படித்து வாங்குங்கள்.

அப்பத்தா காலத்துப் பலகாரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுத்துக்கொண்டால் அதுதான் அளவு. எந்தக் கம்பெனியும் உழக்கைச் சுருக்க முடியாது. பாக்கெட்டை அளவாக வைத்து எழுதியது அம்மா தலைமுறைதான், அதில் அவர்கள் மேல் பிழை ஒன்றும் இல்லை, அன்றைக்குப் பாக்கெட் மாறாமல் இருந்தது.

350 கிராம் டின் உங்கள் கையில் இருந்தால் இரண்டு வழி. மைதாவை 220 கிராமாகவும், வெண்ணெயை 85 முதல் 90 கிராமாகவும் குறைத்து, பால், சோடா, பேக்கிங் பவுடரையும் எட்டில் ஒரு பங்கு குறையுங்கள், கேக் கொஞ்சம் சின்னதாக வரும். இல்லையென்றால் இன்னொரு டின்னை உடைத்து இரண்டரை டேபிள் ஸ்பூன் சேர்த்தால் விட்டுப்போன 50 கிராம் சரியாகிவிடும். மீதியைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், டின்னிலேயே விடாதீர்கள். எப்படியும் இரண்டாவது டின் வாங்க வைத்துவிட்டார்கள், அதுதான் ஆத்திரம்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். எடையைக் குறைத்தது தனிப் புகார் ஆகாது என்றாலும், லேபிளில் இருக்கும் செய்முறை உள்ளே இருக்கும் அளவோடு ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் புகாராகச் சொல்லியிருக்கிறேன். கிராம் விலையே அச்சிடாத பொட்டலம் கண்ணில் பட்டால் அது தொழிலாளர் துறைக்காரர்கள் பார்க்க வேண்டியது, நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பில்லையும் லேபிளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவும் நானும் நோட்டை எடுத்து உட்கார்ந்து, பாக்கெட் என்று இருக்கும் இடமெல்லாம் கிராம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கோக்கோ டப்பாவுக்கு மட்டும் இருவருக்கும் நினைவில்லை. 80களில் வந்த தகர டப்பா, தட்டை மூடி, கேக் குறிப்பில் "அரை டப்பா" என்று இருக்கிறது. அந்தக் காலத்து டப்பா யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், எத்தனை கிராம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.