டிபன் ஹோட்டல் மெனுவும் சின்ன இரைப்பையும்: எதைக் கேட்கலாம், எதை விடலாம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹோட்டலில் சாப்பிடலாமா என்றால், தாராளமாகச் சாப்பிடலாம். மெனுவைப் பார்க்கும் கண்தான் மாற வேண்டும். சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊருக்குப் போனாலும் டிபன் ஹோட்டலில் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: இட்லி, பொங்கல், வடை, பூரி, தோசை வகையறா, சாயங்காலம் அடை, கல்லாவுக்குப் பக்கத்தில் இனிப்பு அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. இந்த மதிப்பீடு அந்தப் பட்டியலுக்கு. திரவம், கூழ், மென்மையான உணவு என்ற படிகளைத் தாண்டி, சாதாரணச் சாப்பாட்டுக்கு டயட்டீஷியன் அனுமதி கொடுத்தவர்களுக்காக எழுதியது. முதல் இரண்டு மாதங்களில் இருப்பவர்கள் இதைப் பின்னால் படித்துக்கொள்ளலாம்.

இங்கே பேசுவது இரண்டு வகை எடைக் குறைப்பு அறுவையைப் பற்றி: ஸ்லீவ், இரைப்பை பைபாஸ். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். பைபாஸில் இரைப்பைப் பை சுமார் 30 மில்லிக்குச் சுருங்கிவிடும். அதோடு, இரைப்பையின் முடிவில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பைலோரஸ் என்ற சுருக்குத் தசையைத் தாண்டாமல் உணவு நேராகச் சிறுகுடலுக்குள் போகும். இந்த ஒரு வித்தியாசத்தால்தான் ஒரே மேசையில் ஒரே ஜாங்கிரியைப் பகிர்ந்த இருவரில் ஸ்லீவ்காரர் சும்மா இருக்க, பைபாஸ்காரர் வியர்த்துப் படபடத்துப் போகிறார். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் போக வேண்டும் என்பது இருவருக்கும் பொது. மெனுவில் ஒவ்வொரு பெயரையும் பார்க்கும்போது மூன்று கேள்விகள் போதும். புரோட்டீன் எவ்வளவு? மென்றுதான் விழுங்க முடியுமா, தானாகக் கரைந்து வழுக்கிப் போகிறதா? நெஞ்சில் நிற்குமா?

இட்லியில் தொடங்கலாம். மென்மையானது, எண்ணெய் இல்லை, எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் ஒரு இட்லியில் இரண்டு கிராம் புரோட்டீன் இருந்தாலே அதிகம். 'இட்லிதானே, லைட்டானது' என்று இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், கணக்கில் நாலு கிராம்தான் ஏறியிருக்கும். ஹோட்டல் சாம்பாரும் தண்ணியாக இருப்பதால் பருப்பு என்று பெயருக்குத்தான். ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு முன்பே வேறு புரோட்டீன் எதையாவது சாப்பிட்டுவிடுவது நல்லது. குட்டி இட்லிகளைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தரும் சாம்பார் இட்லியைப் பலரும் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். அதில் திடமும் திரவமும் ஒன்றாகப் போகிறது. சாம்பார் இட்லியை அடித்துக்கொண்டு போய்விடுவதால் வயிறு நிறைந்த உணர்வு வருவதற்குள் கிண்ணமே காலியாகிவிடும். சாம்பாரைத் தனியாகக் கேளுங்கள், தொட்டுச் சாப்பிடுங்கள்.

பொங்கல் வழுக்கும் உணவு. அரிசி குழைந்து, நெய் மிதந்து, மெல்ல வேலையே இல்லாமல் உள்ளே போகும். மூன்று ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். பூரி எண்ணெய்க்காக, ரவா உப்புமா உள்ளே போய் உப்பிக்கொண்டு அடைப்பதற்காக, இரண்டையும் விட்டுவிடலாம். பரோட்டாவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மைதா மெல்ல மெல்லப் பிசினாகத் திரளும். நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் வைத்ததுபோல் நின்று, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியில் முடியும்.

தோசையில் முறுகல்தான் நல்லது. கேட்கப் புதிதாக இருக்கலாம், காரணம் எளிது. மொறுமொறுப்பான ஓரம் பல்லில் உடைந்து பொடியாகும். ஊத்தப்பத்தின் நடுப்பகுதியும் செட் தோசையும் பஞ்சுபோல் இருந்து எச்சிலில் ஊறி உருண்டையாகும். நெய் ரோஸ்ட்டை 'நெய் கம்மியா, நல்லா முறுகலா' என்று சொல்லி வாங்கி, கால்வாசி சாப்பிட்டு, மீதியைக் கூட வந்தவரிடம் தள்ளிவிடலாம்.

இந்த மெனுவில் முதல் மார்க் அடைக்குத்தான். அரிசியோடு துவரை, கடலை, உளுந்து எல்லாம் சேர்த்து அரைப்பதால் இட்லி தோசையைவிடப் புரோட்டீன் கூடுதல்; கரடுமுரடாக இருப்பதால் மெல்லாமல் விழுங்க முடியாது. அவியல் கூட வந்தால் காய்கறியும் ஆயிற்று. வெல்லமும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தால் தட்டிலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். சாப்பிடும் விதம் இப்படி: வெந்து சிவந்த ஓரத்திலிருந்து கட்டைவிரல் நகம் அளவு கிள்ளுங்கள். இருபது, இருபத்தைந்து தடவை மெல்லுங்கள். விழுங்கிய பிறகு கையை மடியில் வையுங்கள், அரை நிமிடம் போகட்டும். பிறகு அடுத்த விள்ளல். பாதி அடைக்கே இருபது நிமிடம் ஆகும். நடுவில் விக்கல், திடீரென்று மூக்கு ஒழுகுதல், தும்மல், மேல் வயிற்றில் ஒரு இறுக்கம், இதில் எது வந்தாலும் அதுதான் நிறுத்து என்ற செய்தி. அதற்கு மேல் 'இந்த ஒரு வாய்' என்று போடுவதுதான் பல நேரம் வாந்திக்குக் காரணம். தடித்த நடுப்பகுதி வேகாமல் இருந்தால் வைத்துவிடுங்கள். ஸ்லீவ் செய்து நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் காரச் சட்னியைத் தவிர்த்து அவியலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மெதுவடை உளுந்துதான், புரோட்டீனும் உண்டு, ஆனால் எண்ணெய் குடித்தது. பாதி வடை, வாரத்தில் ஒரு நாள், ஆசைக்கு என்றால் தப்பில்லை. சாம்பார் வடையாக வாங்கினால் இட்லிக்குச் சொன்ன அதே சிக்கல். பனீர் இருக்கும் ஹோட்டலில் பனீர் டிக்கா நல்ல தேர்வு: 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்குப் புரோட்டீன் இருக்கிறது. பனீர் பட்டர் மசாலாவாக வந்தால் துண்டுகளைப் பொறுக்கிச் சாப்பிட்டு, கிரேவியை விட்டுவிடுங்கள். சுண்டல் கிடைத்தால் அதுவும் சரி. தோலோடு முழுசாக விழுங்கிவிடாமல் இருந்தால் போதும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொங்குப் பக்கமும் மதுரைப் பக்கமும் கிடைக்கும் கலக்கி ஒரு வரம். ஒரு முட்டை, ஆறு கிராம் புரோட்டீன், மென்மை. வழக்கமாக அரைவேக்காட்டில் எடுத்துவிடுவார்கள். 'நல்லா வேக விடுங்க' என்று சொல்லியே வாங்க வேண்டும். மீன் குழம்பில் கிடக்கும் மீன் துண்டு, வறுத்த மீனைவிட எளிதாக இறங்கும், ஈரம் இருப்பதால். சிக்கனில் நெஞ்சுக்கறி உலர்ந்து நார்நாராக அடைக்கும், தொடைக்கறி தேவலை. பிரியாணி ஆசை வந்தால் கறியை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் நாலு ஸ்பூன் சாதம். வரிசையை மாற்றினால் சாதத்திலேயே வயிறு நிறைந்துவிடும்.

உட்கார்ந்ததும் சர்வர் முதலில் கொண்டுவந்து வைப்பது தண்ணீர். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு முடித்த பின் அரை மணி நேரத்துக்கும் கூடாது. தம்ளரைக் கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வையுங்கள். டிபன் முடிந்த கையோடு காபி என்ற நம் வழக்கம் இந்த விதியை நேரடியாக மீறுகிறது. காபியை டிபனிலிருந்து பிரித்துத் தனி வேளையாக்கிக்கொள்வது ஒன்றுதான் வழி. 'சர்க்கரை கம்மி' என்று சொன்னாலும் ஒரு ஸ்பூன் விழும். 'சர்க்கரை வேண்டாம், தனியாக் குடுங்க' என்பதுதான் சரியான ஆர்டர். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் காபிக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீ இரண்டுமே இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

இனி கண்ணாடிப் பெட்டி. ஆயுளுக்கும் இனிப்பே தொடக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை; அப்படிச் சத்தியம் செய்கிறவர்கள்தான் ஒரு நாள் கால் கிலோ பெட்டியோடு உட்காருகிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு வேளைக்குச் சேர்த்த சர்க்கரை 10 முதல் 15 கிராமுக்குள் இருக்கட்டும், அதாவது இரண்டு, மூன்று டீஸ்பூன். அதைத் தாண்டினால் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வயிற்றுப் பிடிப்பு, பேதி, படபடப்பு, வியர்வை வரலாம். இதுதான் டம்பிங். அடர்ந்த சர்க்கரை சிறுகுடலில் சட்டென்று இறங்கி உடம்பின் நீரை உள்ளே இழுப்பதால் வருவது. இரண்டாவது வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும்: இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். அப்போது வண்டி ஓட்டக்கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் இனிப்பைக் குறைப்பதோடு விடாமல் அறுவை செய்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாயசம், பாதாம் பால், ஜிகர்தண்டா, கரும்புச் சாறு எல்லாம் பட்டியலில் கடைசி இடம். 100 மில்லி பாயசத்தில் நாலு டீஸ்பூன் சர்க்கரை எளிதாக இருக்கும், அதுவும் திரவமாக. பைபாஸ்காரர்களைப் படுத்துவதில் இதற்கு மிஞ்சியது இல்லை. ஸ்லீவ்காரர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாமல் போகலாம், அதனாலேயே கூடுதல் ஆபத்து: தடை எதுவும் இல்லாமல் எவ்வளவும் இறங்கும்.

மைசூர்பாகில் கடலை மாவு ஒரு பங்கு என்றால் சர்க்கரை இரண்டு பங்கு, நெய்யும் ஏறக்குறைய அவ்வளவே. வாயில் வைத்ததும் கரைவதுதான் அதன் பெருமை. நமக்கு அதுதான் வில்லங்கம். அல்வாவும் அப்படித்தான். குலாப் ஜாமூனை ஜீராவைப் பிழிந்துவிட்டுப் பாதி சாப்பிடலாம். ஜாங்கிரியில் ஜீரா உள்ளேயே இருப்பதால் பிழிய வழியில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொஞ்சம் தேவலை, பாலின் புரோட்டீன் இருக்கிறது. ஒரு டீஸ்பூன், டப்பாவிலிருந்து நேராக அல்ல, தட்டில் எடுத்து வைத்து.

நம் ஓட்டு கடலை மிட்டாய்க்கு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயாகட்டும், பக்கத்துக் கடைப் பாக்கெட்டாகட்டும், 20 கிராம் துண்டில் சுமார் 100 கலோரி, மூன்று கிராம் அளவுக்குப் புரோட்டீன். கடித்து, அரைத்து, நேரம் எடுத்துத்தான் சாப்பிட முடியும். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் ஒரு துண்டுதான் கணக்கு. முழுக் கடலை நெஞ்சில் நிற்காமல் இருக்கப் பொறுமையாக மெல்ல வேண்டும்.

'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய இனிப்புகளுக்கு இரட்டிப்பு விலை கொடுக்கும் முன் பின்பக்கம் படியுங்கள். மால்டிட்டால், சார்பிட்டால் என்ற சர்க்கரை மாற்றுகள் இருந்தால் சர்க்கரையில் பாதிக் கலோரியாவது அதிலும் உண்டு, நெய்யின் கலோரி அப்படியே. இரண்டு மூன்று துண்டு உள்ளே போனால் வயிறு உப்பிக் கழிச்சலும் வரும். அதைவிட அசல் இனிப்பில் அரைத் துண்டு மேல்.

காரவகைகளை யாரும் இனிப்பாகக் கணக்கிடுவதில்லை. முறுக்கு, ஓமப்பொடி, மிக்சர் எல்லாம் எச்சிலில் கரைந்து இடமே அடைக்காமல் இறங்கும். அறுவைக்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு பசி திரும்பும்போது எடையை மறுபடி ஏற்றுவது வாரத்துக்கு ஒரு மைசூர்பாகைவிட, டிவி முன்னால் தினமும் நடக்கும் இந்தக் கொறித்தல்தான்.

இனிப்புக்கு நேரம் மதிய உணவில் புரோட்டீன் உள்ளே போன பிறகு. வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். கடையில் கால் கிலோவுக்குக் குறைத்துத் தர முகம் சுளித்தால், 'ரெண்டு பீஸ் மட்டும் எடை போட்டுக் குடுங்க' என்று கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அளவில்லா மீல்ஸ் நமக்குக் கட்டுப்படியாகாது. தனித்தனி அயிட்டமாக வாங்கி, சாப்பாடு வந்ததுமே பாதியைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டால் தட்டில் மீதம் வைக்கிறோமே என்ற உறுத்தலும் இருக்காது, ராத்திரிச் சாப்பாடும் முடிந்தது.